அத்தியாயம் 7: ஊற்றிப் பார்த்து லிட்டர் படிப்போம்

மஸ்கட்டின் ரூவியில் வளரும் பிள்ளைக்குக் கணக்கில் ஓர் அனுகூலம் உண்டு; பெற்றோர் பலர் அதைக் கவனிப்பதில்லை. ஓமான் ரியாலுக்கு 1,000 பைசா. லிட்டருக்கு 1,000 மில்லிலிட்டர். ரூவி ஹை ஸ்ட்ரீட் மளிகைக் கடையில் விலைச்சீட்டில் 0.250 என்று பார்த்ததும் "இருநூத்தம்பது பைசா" என்று சொல்லும் எட்டு வயதுப் பிள்ளைக்கு, 0.250 லிட்டர் என்பது 250 மில்லி என்று புரிய அதிக நேரம் ஆகாது. இரண்டும் ஒரே கணக்குதான் என்று யாராவது எடுத்துக் காட்ட வேண்டும். அந்த வேலையை வீட்டிலேயே செய்வது எப்படி என்பதுதான் இந்த அத்தியாயம்.

இது முக்கியமாக மூன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கானது. தார்சைத், வாதி கபீர் பக்கம் இந்தியப் பள்ளிகளுக்குப் போகும் நம் பிள்ளைகள் படிப்பது சி.பி.எஸ்.இ. பாடத்திட்டம். பழைய என்.சி.இ.ஆர்.டி. நான்காம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் கொள்ளளவுக்கு 'ஜக்ஸ் அண்ட் மக்ஸ்' என்று ஒரு பாடமே இருந்தது. இப்போது வந்திருக்கும் 'மேத்ஸ் மேளா' வரிசையிலும் அளந்து ஊற்றும் பயிற்சிகள் இருக்கின்றன. புத்தகம் சரியாகவே சொல்கிறது. ஆனால் நாற்பது பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் வகுப்பறையில் ஒவ்வொருவர் கையிலும் ஜக்கைக் கொடுத்துத் தண்ணீர் ஊற்றச் சொல்ல முடியாது. அதனால் பிள்ளை கடைசியில் கற்றுக்கொள்வது ஒரு வரி: "லிட்டரை மில்லியாக்க ஆயிரத்தால் பெருக்கு." ஒரு லிட்டர் எவ்வளவு இருக்கும் என்று கை அறியாத பிள்ளைக்கு அந்த வரி ஒரு வாரம் நிற்கும், பிறகு பெருக்குவதா வகுப்பதா என்று குழம்பும்.

ஆகவே வரிசை இதுதான்: முதலில் ஊற்றுவது, அடுத்து ஊகிப்பது, அதற்கடுத்து அளப்பது, கடைசியில்தான் ஓர் அலகை இன்னோர் அலகாக மாற்றுவது.

தேவையான பொருட்கள்

காசு செலவு செய்து எதுவும் வாங்க வேண்டாம். வீட்டில் சேரும் காலி பாட்டில்களே போதும்: 200 மில்லி, 500 மில்லி, ஒன்றரை லிட்டர் தண்ணீர் பாட்டில்கள், 1 லிட்டர், 2 லிட்டர் பால் பாட்டில்கள். கோடு போட்ட அளவு ஜக் ஒன்று, 5 மில்லி ஸ்பூன் ஒன்று, ஒரு மார்க்கர், கீழே விரிக்கப் பழைய துண்டு. தண்ணீரில் துளி உணவு நிறமோ மஞ்சள் தூளோ கலந்தால் மட்டம் தெளிவாகத் தெரியும்.

ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். 500 மில்லி என்று எழுதிய பாட்டிலைக் கழுத்து வரை நிரப்பினால் 500 மில்லிக்கு மேலேயே பிடிக்கும். மூடிக்குக் கீழே கம்பெனி கொஞ்சம் காலியிடம் விட்டுத்தான் அடைக்கிறது. அதனால் புதுப் பாட்டிலைத் திறக்கும் முன்பே மேசையில் நிற்க வைத்து, தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறதோ அங்கே பிள்ளையையே மார்க்கரால் கோடு போடச் சொல்லுங்கள். அந்தக் கோடுதான் 500 மில்லி. இதைச் செய்யாமல் காலி பாட்டிலை வழிய வழிய நிரப்பி அளந்தால், மூன்று அரை லிட்டர் ஒன்றரை லிட்டர் பாட்டிலின் கோட்டைத் தாண்டிப் போகும். கணக்கு தப்பு என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும்.

முதல் வாரம்: ஊற்றுவதும் ஊகிப்பதும்

ஒல்லியான உயரக் கண்ணாடி டம்ளர் ஒன்று, அகலமான கிண்ணம் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் அதே 200 மில்லித் தண்ணீரைப் பிள்ளை பார்க்கவே ஊற்றி, எதில் அதிகம் என்று கேளுங்கள். சிறு பிள்ளைகள் பெரும்பாலும் டம்ளரைக் காட்டுவார்கள். சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே இதை விரிவாக ஆராய்ந்தார்; ஏழு வயதுக்கு முன் பிள்ளைகள் உயரத்தை மட்டும் பார்த்து அளவைத் தீர்மானிப்பது இயல்பு என்று எழுதினார். எனவே பதில் தவறினால் திருத்தாதீர்கள். கிண்ணத்துத் தண்ணீரை அதே டம்ளரில் திரும்ப ஊற்றச் சொல்லுங்கள். மட்டம் அதே இடத்தில் வந்து நிற்கும்போது பிள்ளை தானே சொல்லும்.

அடுத்தது ஊகம். குக்கர், தேநீர்க் கெட்டில், குளியலறை மக், பள்ளிக்குக் கொண்டுபோகும் தண்ணீர் பாட்டில் ஆகியவற்றை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றும் எத்தனை அரை லிட்டர் பிடிக்கும் என்று முதலில் எழுதச் சொல்லுங்கள். பிறகு ஊற்றிப் பார்த்துப் பக்கத்தில் உண்மை அளவை எழுதட்டும். ஊகத்துக்கும் அளவுக்கும் உள்ள இடைவெளி நாளுக்கு நாள் குறைவதைப் பிள்ளையே நோட்டில் காணும். மதிப்பெண் போடாதீர்கள்.

மட்டம் பார்ப்பதையும் இந்த வாரமே பழக்குங்கள். ஜக்கைக் கையில் தூக்கிப் பிடித்துப் படித்தால் தண்ணீர் சாயும். மேசையில் வைத்து, பிள்ளை குனிந்து கண்ணை மட்டத்துக்கு நேராகக் கொண்டுவர வேண்டும். மேலிருந்து பார்த்தால் ஓர் அளவு, கீழிருந்து பார்த்தால் வேறோர் அளவு தெரியும். கண்ணாடி ஜக்கில் தண்ணீரின் ஓரம் சற்று மேலே ஏறி, நடுவில் குழிந்திருக்கும். குழியின் அடிமட்டத்தைத்தான் படிக்க வேண்டும். கோடுகளுக்கு இடையில் எவ்வளவு என்பதையும் பிள்ளை கண்டுபிடிக்கட்டும்: 100க்கும் 200க்கும் நடுவே நான்கு சிறு கோடுகள் இருந்தால் ஒவ்வொரு கோடும் 20 மில்லி.

இரண்டாம் வாரம்: ரியால் வழி

இந்த வாரம்தான் அலகு மாற்றம் தொடங்குகிறது. கையில் இருக்கும் சில்லறையை எடுங்கள். ஓமானில் 5, 10, 25, 50 பைசா நாணயங்களும் 100 பைசா, அரை ரியால் நோட்டுகளும் உண்டு. மேசையில் ஒவ்வொரு அளவுக்கும் முன்னால் அதன் காசை வைக்கச் சொல்லுங்கள்.

5 மில்லி ஸ்பூனுக்கு 5 பைசா.
50 மில்லித் தண்ணீர் உள்ள சிறு கிண்ணத்துக்கு 50 பைசா.
100 மில்லிக்கு 100 பைசா நோட்டு.
500 மில்லி பாட்டிலுக்கு அரை ரியால்.
1 லிட்டருக்கு 1 ரியால்.

5 பைசா நாணயம் கிடைக்காவிட்டால் காகிதத்தில் வெட்டி எழுதிக்கொள்ளலாம். வரிசை தயாரானதும் கேள்விகளைக் காசில் தொடங்கித் தண்ணீரில் முடியுங்கள். "ஒரு ரியாலுக்கு எத்தனை நூறு பைசா?" பத்து. "அப்போ ஒரு லிட்டருக்கு எத்தனை நூறு மில்லி?" சொன்ன கையோடு நூறு நூறாகப் பத்து முறை ஊற்றிச் சரிபார்க்கட்டும்.

இங்கே நாணயத்தைவிடப் பெரிய உதவி செய்வது ரசீது. ஓமான் கடை ரசீதில் புள்ளிக்குப் பின் எப்போதும் மூன்று இலக்கம் இருக்கும்: 1.500, 0.075, 2.050. நம் பிள்ளைகள் லிட்டர் கணக்கில் தவறுவது பெரும்பாலும் இந்த மூன்று இலக்கத்தில்தான். ஒன்றரை லிட்டர் பாட்டிலை வைத்து ஒரு தாய் தன் மகளிடம் பேசுவது இப்படி இருக்கும்:

"ஒண்ணு புள்ளி அஞ்சு லிட்டர்னா எத்தனை மில்லி, பாப்பா?"

"ஆயிரத்து அஞ்சு."

"சரி. ஆயிரத்து அஞ்சு மில்லியை ஊத்திக் காட்டு."

மகள் ஒரு லிட்டர் ஊற்றி, அதன் மேல் ஒரே ஒரு ஸ்பூன் தண்ணீர் விடுகிறாள். பாட்டிலில் இன்னும் நிறைய இடம் இருக்கிறது.

"நிறையலையேம்மா."

"இந்த ரசீதைப் பாரு. ஒண்ணு புள்ளி அஞ்சு பூஜ்யம் பூஜ்யம். கடையில எவ்வளவு கொடுத்தோம்?"

"ஒரு ரியாலும் ஐந்நூறு பைசாவும்... அப்போ இதுவும் ஆயிரத்து ஐந்நூறா?"

"நீயே ஊத்திப் பாரு."

தாய் எங்கேயும் "தப்பு" என்று சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். தவறான விடையை ஊற்றிக் காட்டச் சொன்னார், பாட்டிலே திருத்திவிட்டது. பின்வரும் நான்கு தவறுகளுக்கும் இதே வழிதான்.

2 லிட்டர் 50 மில்லி: பிள்ளை 250 அல்லது 2,500 என்று எழுதும். சரியான விடை 2,050 மில்லி. ரசீதில் 2.050.

3 லிட்டர் 5 மில்லி: 305 அல்லது 3.5 லிட்டர் என்று எழுதும். சரியான விடை 3,005 மில்லி, அதாவது 3.005 லிட்டர்.

0.75 லிட்டர்: 75 மில்லி என்று எழுதும். மூன்று இலக்கமாக எழுதச் சொன்னால் 0.750 ஆகும், விடை 750 மில்லி.

40 மில்லியை லிட்டராக்குதல்: 0.40 என்று எழுதும். 40 பைசாவை ரசீதில் எப்படிப் போடுவார்கள் என்று கேளுங்கள். 0.040.

ஒரு மாதத்துக்காவது லிட்டர் கணக்கைப் புள்ளிக்குப் பின் மூன்று இலக்கத்தோடுதான் எழுத வேண்டும் என்று வீட்டில் ஒரு விதி வையுங்கள். பூஜ்யத்தை விட்டு எழுதுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஓர் எச்சரிக்கை. இந்திய ரூபாய்க்கு 100 பைசா, ஓமான் ரியாலுக்கு 1,000 பைசா. பாடப்புத்தகத்தில் ரூ.4.50 என்று இரண்டு இலக்கத்தில் வரும் கணக்கையும் இதையும் பிள்ளை கலந்துவிடக் கூடாது. லிட்டருக்குத் துணை ரியால்தான், ரூபாய் அல்ல என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். குவைத், பஹ்ரைன் தினாருக்கும் 1,000 ஃபில்ஸ் என்பதால் அங்குள்ள பெற்றோரும் இந்த வழியை அப்படியே பின்பற்றலாம். அமீரகம், கத்தார், சவூதி நாணயங்கள் நூறாகப் பிரிபவை. அங்கே காய்கறித் தராசு ஒட்டித் தரும் எடைச் சீட்டைப் பயன்படுத்துங்கள். கிலோவுக்கு 1,000 கிராம் என்பதால் அதிலும் மூன்று இலக்கம் வரும்.

மூன்றாம் வாரம்: கேலனும் படியும்

வீட்டு வாசலில் வந்து இறங்கும் தண்ணீர் கேனைப் பிள்ளை தினமும் பார்க்கிறது. அது 5 கேலன் கேன். அமெரிக்க கேலன் ஒன்று சுமார் 3.785 லிட்டர், ஐந்தால் பெருக்கினால் 18.925. அதனால்தான் கேன் மேல் 18.9 லிட்டர் என்று போட்டிருக்கும். சென்னையில் தாத்தா வீட்டுக்கு வரும் கேனோ 20 லிட்டர். இரண்டையும் வைத்து ஒரு கணக்குப் போடச் சொல்லுங்கள். 200 மில்லி டம்ளரால் சென்னைக் கேனில் 100 டம்ளர் வரும். ரூவி கேனில் 18,900-ஐ 200-ஆல் வகுத்தால் 94 டம்ளரும் அரை டம்ளரும். கேனை மாற்றிப் போடும்போது அது ஏறக்குறைய 19 கிலோ கனப்பது ஏன் என்றும் சொல்லலாம்: ஒரு லிட்டர் தண்ணீர் ஏறக்குறைய ஒரு கிலோ.

கேலனில் இரண்டு வகை இருப்பதை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும். பிரிட்டிஷ் கேலன் சுமார் 4.546 லிட்டர். 600 கேலன் தண்ணீர் என்றால் அமெரிக்கக் கணக்கில் 2,271 லிட்டர், பிரிட்டிஷ் கணக்கில் 2,728 லிட்டர். வித்தியாசம் 24 கேன் தண்ணீர். லாரித் தண்ணீரோ தொட்டியோ கேலனில் பேசப்பட்டால், எந்தக் கேலன் என்று கேட்ட பிறகே கணக்கைத் தொடங்க வேண்டும் என்ற பழக்கம் இதிலிருந்து வரும்.

நம் ஊரிலும் இந்தச் சிக்கல் இருந்தது. விடுமுறைக்குப் போகும்போது பாட்டி வீட்டுப் பரணில் ஆழாக்கும் படியும் இருந்தால் இறக்கி அளக்கச் சொல்லுங்கள். 2 ஆழாக்கு ஓர் உழக்கு, 2 உழக்கு ஓர் உரி, 2 உரி ஒரு நாழி. பல ஊர்களில் நாழிதான் படி. அரை, கால், அரைக்கால் பிரிப்பதற்கு இதைவிட நல்ல பயிற்சி இல்லை. ஆனால் ஒரு படி எத்தனை மில்லி என்பது ஊருக்கு ஊர் மாறியது. இந்தியா 1956இல் எடை, அளவுகளுக்குச் சட்டம் இயற்றி மெட்ரிக் முறைக்கு மாறியதற்கு இந்தக் குழப்பம் ஒரு பெரிய காரணம். பாட்டி வீட்டுப் படியில் எத்தனை மில்லி என்று அளந்து எழுதி வந்த பிள்ளைக்குப் பொது அளவு ஏன் வேண்டும் என்று தனியாக விளக்க வேண்டியிருக்காது.

அவுன்ஸ், கப் ஆகியவற்றுக்கு அதிக நேரம் வேண்டாம். ஓர் அவுன்ஸ் சுமார் 30 மில்லி, சமையல் குறிப்புக் கப் சுமார் 240 மில்லி, டீஸ்பூன் 5, டேபிள்ஸ்பூன் 15 என்று தெரிந்தால் போதும்.

நான்காம் வாரம்: வீட்டுக்கு வெளியே

பெட்ரோல் பங்க். 2021 நவம்பரில் ஓமான் அரசு விலைக்கு உச்சவரம்பு வைத்தபோது, 95 ரகம் லிட்டருக்கு 239 பைசா, 91 ரகம் 229 பைசா. பங்கில் எழுதியிருக்கும் விலையைப் பிள்ளை படித்து, 20 லிட்டருக்கு எவ்வளவு என்று வண்டியிலேயே சொல்லட்டும். 239 பைசா என்றால் 4,780 பைசா, அதாவது 4.780 ரியால். ஒரே கணக்கில் லிட்டரும் வருகிறது, ஆயிரமும் வருகிறது.

குளிர்பானக் கேன். 330 மில்லிக் கேன் மூன்று சேர்ந்தால் 990 மில்லி. ஒரு லிட்டருக்கு 10 மில்லி குறைவு. நோன்பு மாதத்தில் கடைகளில் அடுக்கியிருக்கும் விம்டோ பாட்டில் 710 மில்லி. ஒரு பங்குக்கு நான்கு பங்கு தண்ணீர் கலந்தால் மொத்தம் எவ்வளவு? 3,550 மில்லி, அதாவது 3.550 லிட்டர். இதை எந்தப் பாத்திரத்தில் கலப்பது என்பதையும் பிள்ளையே ஊகிக்கட்டும்.

ஏசி தண்ணீர். ரூவி வீடுகளுக்கென்றே அமைந்த பயிற்சி இது. ஏசியின் வடிகுழாய்க்கு அடியில் வாளி வைத்து, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு சேர்கிறது என்று அளக்க வேண்டும். குழாய் பால்கனியில் இருந்தால் வாளி வைப்பதும் எடுப்பதும் பெரியவர் வேலை. ஒரு மணி நேரத்தில் 600 மில்லி சேர்ந்தால், இதே வேகத்தில் ஒரு நாளுக்கு 14,400 மில்லி, 14.400 லிட்டர். காற்றில் உள்ள ஈரம் குளிர்ந்த கம்பிச் சுருளில் பட்டு நீராவதுதான் இந்தத் தண்ணீர். ஆகவே மத்ரா பக்கமிருந்து கடலின் புழுக்கம் வரும் நாளில் அதிகமாகச் சொட்டும். பாலைவனத்து வறட்டுக் காற்று அடிக்கும் நாளில் குறையும். வாரத்தில் சில நாள் அளந்து வரைபடம் போட்டால் கணக்கோடு அறிவியலும் சேரும். இந்தத் தண்ணீர் குடிக்க ஆகாது, தரை துடைக்கலாம்.

மருந்து: இதில் மட்டும் பிள்ளை கை வைக்க வேண்டாம்

மில்லி கற்ற பிள்ளை காய்ச்சல் மருந்தைத் தானே ஊற்ற ஆசைப்படும். அனுமதிக்காதீர்கள். ஆனால் பக்கத்தில் நிற்க வைத்து இரண்டு விஷயம் சொல்லுங்கள். ஒன்று, அடுக்களை ஸ்பூன் எல்லாம் 5 மில்லி அல்ல. அவற்றில் தண்ணீர் மொண்டு அளந்து பார்த்தால் ஒன்றுக்கொன்று மாறும். மருந்தோடு வரும் அளவுக் கோப்பையோ சிரிஞ்சோதான் சரி. இரண்டு, மில்லிலிட்டர் வேறு, மில்லிகிராம் வேறு. 5 மில்லியில் 120 மில்லிகிராம் பாராசிட்டமால் உள்ள மருந்தும் உண்டு, அதே 5 மில்லியில் 250 மில்லிகிராம் உள்ளதும் உண்டு. சீட்டைப் படிக்காமல் அளவை மட்டும் பார்ப்பது ஆபத்து. கொள்ளளவுப் பாடம் ஓர் உயிரைக் காக்கும் இடம் இது. பிள்ளை வளர்ந்து தன் வீட்டில் மருந்து ஊற்றும் நாளிலும் நினைவில் நிற்கும்படி சொல்லிவையுங்கள்.

பெரிய பிள்ளைகளுக்கு: ஆயிரம் லிட்டரும் அரை மணி நேரமும்

ஐந்தாம் வகுப்பைத் தாண்டியவர்களுக்கு மூன்றாவது ஆயிரத்தைக் காட்டலாம். ஒவ்வொரு பக்கமும் 10 சென்டிமீட்டர் உள்ள பெட்டி சரியாக 1 லிட்டர் பிடிக்கும். அட்டையில் செய்து உள்ளே பிளாஸ்டிக் உறை போட்டு ஊற்றிப் பார்க்கலாம். ஒவ்வொரு பக்கமும் 1 மீட்டர் உள்ள பெட்டி 1,000 லிட்டர். அதுதான் தண்ணீர் மீட்டர் காட்டும் ஒரு கன மீட்டர்.

நிஸ்வா பக்கம் போகும் குடும்பங்கள் ஃபலஜ் தாரிஸ் என்ற பாசனக் கால்வாயையும் பார்த்து வருவதுண்டு. 2006இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த ஐந்து ஓமான் ஃபலஜ்களில் அதுவும் ஒன்று. ஃபலஜ் தண்ணீரை விவசாயிகள் நேரத்தால் பங்கிட்டார்கள். 'அதர்' என்ற பங்கு ஏறக்குறைய அரை மணி நேரப் பாய்ச்சல். நம் ஊர் முறைப்பாசனத்தைப் பார்த்த பிள்ளைக்கு இது சட்டென்று புரியும். வீட்டுக்கு வந்ததும் குழாயடியில் 1 லிட்டர் நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று பார்க்கட்டும். 10 விநாடி என்றால் நிமிடத்துக்கு 6 லிட்டர், ஓர் அதருக்கு 180 லிட்டர். பிடித்தது ஒரே லிட்டர், மிச்சமெல்லாம் பெருக்கல். மஸ்கட்டின் குழாய்த் தண்ணீர் பெரும்பாலும் கடல்நீரைச் சுத்திகரித்து வருவது. அல் குப்ரா ஆலை 1976லேயே இந்த வேலையைத் தொடங்கியது. கணக்குக்காகக் கூட அதை வீணாக்கக் கூடாது என்று பிள்ளையிடம் சொல்லுங்கள். பயிற்சிக்கு ஊற்றிய தண்ணீரெல்லாம் செடிக்கோ வாளிக்கோ போகட்டும்.

அடுத்த அத்தியாயத்துக்குப் போகும் முன்

கீழே உள்ளவற்றைப் பிள்ளை துணையில்லாமல் செய்கிறதா என்று பாருங்கள்.

1. கோடில்லாத பாத்திரத்தில் சுமார் 1 லிட்டர், சுமார் 250 மில்லி ஊற்றிக் காட்டுவது. 50 மில்லி முன்பின் இருந்தால் பரவாயில்லை.
2. ஜக்கை மேசையில் வைத்துக் குனிந்து மட்டம் படிப்பது.
3. 2.050 லிட்டர், 2.500 லிட்டர், 2.005 லிட்டர் மூன்றையும் சிறியது முதல் பெரியது வரை வரிசைப்படுத்துவது.
4. 750 மில்லியும் 500 மில்லியும் சேர்ந்தால் 1 லிட்டர் 250 மில்லி என்று எழுதாமலே சொல்வது.
5. ஒன்றரை லிட்டர் பாட்டிலில் 650 மில்லி குடித்தால் மீதி 850 மில்லி என்று கண்டுபிடித்து, ஊற்றிச் சரிபார்ப்பது.
6. 5 கேலன் கேனுக்கும் 20 லிட்டர் கேனுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தம்பிக்கோ தங்கைக்கோ விளக்குவது.

எது தடுமாறினாலும் ஆயிரத்தால் பெருக்கும் விதியை ஒப்பிக்கச் சொல்லாதீர்கள். மூன்றாவது கேள்வி வராவிட்டால் ரசீதைக் கொடுங்கள். நான்காவதும் ஐந்தாவதும் வராவிட்டால் ஜக்கைக் கொடுங்கள். ஆறும் தடையின்றி வந்துவிட்டால் எடைப் பாடத்தைத் தொடங்கலாம். கிலோவுக்கும் அதே ஆயிரம்தான் என்பதால் பாதி வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டது.